சார்லட்ஸ் வெப்: ஏழு வயது மகளுக்குப் புத்தகம் முதலிலா, படம் முதலிலா?

கதைகேட்பவளின் அம்மா:

மகளுக்கு ஏழு வயது. ராத்திரி கதை இல்லாமல் தூங்கமாட்டாள். படக்கதை, குட்டிக்கதை எல்லாம் தாண்டி இப்போது அத்தியாயம் அத்தியாயமாகப் போகிற புத்தகத்துக்கு வந்திருக்கிறோம். ஈ. பி. வைட் எழுதிய சார்லட்ஸ் வெப்பை எடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு வாசிப்பதற்கு முன்னால் நானே ஒருமுறை முழுசாகப் படித்தேன், கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. அதனால்தான் கேட்கிறேன்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: சவலையாகப் பிறந்த வில்பர் என்ற பன்றிக்குட்டியை ஃபெர்ன் என்கிற எட்டு வயதுப் பெண் அப்பாவிடம் சண்டை போட்டுக் காப்பாற்றுகிறாள். அப்புறம் அது ஸக்கர்மன் மாமாவின் தொழுவத்துக்குப் போகிறது. குளிர்காலம் வந்ததும் வெட்டிவிடுவார்கள் என்று தெரிகிறது. வாசல் நிலைக்கு மேலே வலை கட்டியிருக்கும் சார்லட் என்ற சிலந்தி, தன் வலையிலேயே அதைப் புகழ்ந்து எழுதி உயிரை மீட்டுத் தருகிறாள். வில்பர் பிழைத்துக்கொள்கிறான், சார்லட் செத்துப்போகிறாள்.

என் மகள் தொட்டிச்செடி ஒன்று வாடினாலே "இது பொழைச்சுக்குமா?" என்று நாலு தடவை கேட்கிற ஆள். படத்தை முதலில் காட்டிவிடலாம், முடிவு தெரிந்துவிட்டால் புத்தகத்தில் அவ்வளவு வலிக்காது என்கிறார் கணவர். 1973இல் வந்த கார்ட்டூன் ஒன்று இருக்கிறது, 2006இல் நிஜ மனிதர்கள், நிஜ விலங்குகளை வைத்து எடுத்தது ஒன்று. எதைக் காட்டலாம்? இல்லை, புத்தகத்தையே வாசித்துக்கொண்டு போய் அந்தச் சாவு வருகிற பக்கத்தை மட்டும் மெதுவாகத் தாண்டிவிடலாமா?

பள்ளி நூலகர்:

அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டாதீர்கள். தயவுசெய்து.

புத்தகத்தின் முதல் வரியை நினைத்துப் பாருங்கள். அப்பா கோடாலியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் என்று காலைச் சாப்பாட்டு மேஜையில் ஃபெர்ன் கேட்கிறாள். முதல் வரியிலேயே கோடாலி வந்துவிடுகிறது. நான் பிறக்கும்போது இப்படிச் சின்னதாக இருந்திருந்தால் என்னையும் கொன்றிருப்பீர்களா என்று அப்பாவை மடக்குகிறாள். கொஞ்சம் தள்ளி, ஈயைப் பிடித்து ரத்தம் குடிப்பதுதான் என் சாப்பாடு என்று சார்லட் சொல்ல, வில்பர் அரண்டுபோகிறான். அப்புறம் கிழட்டு ஆடு வந்து, உன்னைக் கொழுக்க வைப்பதே வெட்டத்தான் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது. குழந்தைக்குச் சாவைப் பற்றி வைட் முதல் பக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே வருகிறார், யாரையும் ஏமாற்றுவதில்லை. மொத்தம் 22 அத்தியாயம், சார்லட் சாவது 21ஆவதில். அதற்குள் உங்கள் மகள் தயாராகியிருப்பாள்.

அந்தச் சாவை அவர் எழுதியிருக்கும் விதமும் முக்கியம். வில்பரைப் பரிசுக்காகக் கொண்டுபோன கண்காட்சி முடிகிறது, சார்லட்டும் கூடப் போயிருக்கிறாள். ஊருக்குத் திரும்பிவரத் தெம்பில்லை என்று சார்லட் சொல்லிவிடுகிறாள். அவளுடைய முட்டைப்பையை மட்டுமாவது கொண்டுபோக வேண்டும், அது மேலே ஒட்டியிருக்கிறது, வில்பரால் ஏற முடியாது. டெம்பிள்டன் என்ற எலியிடம் கெஞ்சுகிறான். இனிமேல் என் தொட்டியில் நீ வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் நான் வாய் வைப்பேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே எலி ஏறுகிறது. வில்பர் பையை நாக்கின் மேல் வைத்து வாயை மூடிக்கொள்கிறான். கூண்டில் ஏற்றும்போது வாய் திறந்து போய்வருகிறேன் என்று சொல்லக்கூட முடியாது, கண்ணைச் சிமிட்டுகிறான். அவள் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஒரு முன்னங்காலை அசைக்கிறாள். மறுநாள் ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இறந்துபோகிறாள், பக்கத்தில் யாருமில்லை. அவ்வளவுதான், சில வரிகள். எங்கள் நூலகத்தில் பிள்ளைகளுக்கு இதை வாசித்திருக்கிறேன். அந்த இடத்தில் அழுகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் போதும், நிறுத்துங்கள் என்று யாரும் சொன்னதில்லை, அடுத்து என்ன என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால், அடுத்த வசந்தத்தில் 514 முட்டையும் பொரிந்து குஞ்சுகள் வெளியே வருவதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். உங்கள் கேள்விக்கு என் பதில்: புத்தகம் முதலில், முழுசாக. படம் அப்புறம்.

படம் பார்ப்பவன்:

நூலகர் சொன்னதில் பக்கத்தைத் தாண்டக்கூடாது என்பது வரை எனக்கும் சம்மதம். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் புத்தகம்தான் முதலில் என்று சட்டம் போட முடியாது. என்ன ஆகப்போகிறதோ என்ற பதைப்பிலேயே கதையை ரசிக்க முடியாத குழந்தைகள் இருக்கிறார்கள், என் பையன் அப்படி. அவனுக்கு முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாக உட்கார்ந்து கேட்பான். தொட்டிச்செடி விஷயத்தைப் பார்த்தால் உங்கள் மகளும் அந்த ரகமாக இருக்கலாம். கணவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

படம் என்றால் நான் 2006 படத்தைத்தான் சொல்வேன். கேரி வினிக் இயக்கியது. ஃபெர்னாக டகோட்டா ஃபேனிங், சார்லட்டுக்குக் குரல் ஜூலியா ராபர்ட்ஸ், எலிக்கு ஸ்டீவ் புஷெமி. கதை நடப்பது அமெரிக்காவில், படம் பிடித்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில். ஆனால் வைக்கோலும் சேறும் மரப்பலகையுமாக அந்தத் தொழுவம் எழுத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது. ராத்திரியில் சார்லட் வலை பின்னி முதல் எழுத்துகளை எழுதுகிற காட்சி இருக்கிறதே, அங்கே நூல் இழுபடுவது, அவள் தொங்கி இறங்குவது, திரும்ப ஏறிப்போய் ஒட்டுவது எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. ஒரு சிலந்திக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று என் பையனுக்கு அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வாசிக்கும்போது அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிட்டிருந்தோம்.

புத்தகத்தில் இல்லாத சிலதைச் சேர்த்திருக்கிறார்கள், சிலந்தியைக் கண்டு பயப்படும் குதிரை, சோளக்கொல்லை பொம்மைக்குப் பயப்படும் இரண்டு காக்கைகள். காக்கைகளின் பெயர் ப்ரூக்ஸ், எல்வின். வைட்டின் முழுப்பெயரே எல்வின் ப்ரூக்ஸ் வைட்தான், அவருக்கு மரியாதையாக வைத்திருக்கிறார்கள். அவற்றின் சேட்டை எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, பிள்ளைகள் ரசிக்கத்தான் செய்கிறார்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் படத்தில் சார்லட் நிஜமான எட்டுக்கால் பூச்சி மாதிரிதான் இருப்பாள், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிக் கண், காலில் முடி, எல்லாம் உண்டு. மகளுக்குச் சிலந்தி என்றால் பயம் என்றால் முதல் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். 1973 கார்ட்டூனில் அவளுக்கு நல்ல மனித முகம் கொடுத்திருக்கிறார்கள், பயமே வராது.

கதைகேட்பவளின் அம்மா:

இருவருக்கும் நன்றி. சிலந்தி பயம் அவளுக்கு இல்லை, கையில் பிடிக்கப் போவாள், நான்தான் தடுக்க வேண்டும். என் கவலையெல்லாம் வாசித்து முடித்ததும் அவள் கேட்கப்போகிற கேள்விதான். "ஏன் சார்லட் சாகணும், அவ ஒரு தப்பும் பண்ணலையே?" என்று நிச்சயம் கேட்பாள். அதற்கு என்ன சொல்வது?

தோட்டக்காரன்:

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சிலந்தியின் ஆயுசு அவ்வளவுதான். சார்லட்டின் முழுப்பெயர் சார்லட் ஏ. கவாட்டிகா. அது சும்மா அழகுக்கு வைத்த பெயர் இல்லை, தொழுவங்களில் வட்ட வலை கட்டும் ஒரு நிஜச் சிலந்தியின் அறிவியல் பெயரான அரேனியஸ் கவாட்டிகஸிலிருந்து எடுத்தது. அந்த வகைப் பெண் சிலந்தி இலையுதிர் காலத்தில் முட்டையிட்டுப் பையாகக் கட்டிவிட்டு, குளிர் முற்றுவதற்குள் இறந்துவிடும். குஞ்சுகள் வசந்தத்தில் வெளியே வந்து, உயரமான இடத்தில் ஏறி நின்று, நூலை விட்டுக் காற்றோடு பறந்துபோகும். புத்தகத்தில் வருவது எல்லாம் இதுதான், எழுத்து எழுதுவதும் பேசுவதும் மட்டும்தான் கற்பனை. அவள் சாவது யாரோ கொடுத்த தண்டனை இல்லை, வில்பருக்காக உழைத்ததாலும் இல்லை, எழுதாமல் சும்மா இருந்திருந்தாலும் அந்தக் குளிரைத் தாண்டியிருக்கமாட்டாள். இது ஏழு வயதுக்குப் புரியும். வீட்டு மூலையிலோ தோட்டத்திலோ ஒரு வலையைக் காட்டி, சில நாள் கூடவே கவனித்து வந்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

வைட் இதையெல்லாம் பார்த்து எழுதியவர். மெய்ன் மாநிலத்தில் அவருக்குப் பண்ணை இருந்தது. அங்கே கறிக்காக வளர்த்த பன்றி ஒன்று நோய்வாய்ப்பட, ராப்பகலாக உட்கார்ந்து வைத்தியம் பார்த்தும் செத்துப்போனது, அதைப் பற்றி 1948இல் அட்லாண்டிக் இதழில் கட்டுரை எழுதினார். வெட்டுவதற்காக வளர்க்கிற ஒன்றைக் காப்பாற்றப் பாடுபடுவது என்ன மாதிரியான விஷயம் என்று அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அப்புறம் தொழுவத்தில் ஒரு சிலந்தி முட்டைப்பை கட்டுவதைப் பார்த்து, அதை வெட்டி எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தார். குஞ்சுகள் பொரிந்து வந்து அவருடைய கண்ணாடி, சீப்பு எல்லாவற்றிலும் நூல் கட்டின. இரண்டும் சேர்ந்துதான் 1952இல் இந்தப் புத்தகம் ஆனது. படம் வரைந்த கார்த் வில்லியம்ஸ் முதலில் சார்லட்டுக்குப் பெண் முகம் போட்டுப் பார்த்தபோது வைட் ஒப்புக்கொள்ளவில்லை, சிலந்தி சிலந்தியாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அந்த வகையில் 2006 படம் அவர் விருப்பத்துக்கு நெருக்கமானது.

வாசிக்கும்போது உங்கள் குரல் உடைந்தால் பரவாயில்லை. 1970இல் வைட் தானே இந்தப் புத்தகம் முழுவதையும் வாசித்து ஒலிப்பதிவு செய்தார். சார்லட் சாகிற இடத்தில் குரல் தழுதழுத்துத் திரும்பத் திரும்பப் பதிவு செய்ய வேண்டிவந்தது. எழுதியவருக்கே அப்படி.

பாட்டுப் பிரியை:

1973 கார்ட்டூனை எல்லோரும் ஓரம் கட்டுவதால் ஒரு வார்த்தை. ஹன்னா-பார்பெரா எடுத்தது, பாட்டு ஷெர்மன் சகோதரர்கள். கதையை நிறுத்தி நிறுத்திக் குஷியாகப் பாடுகிறார்கள் என்று வைட்டுக்கு அது பிடிக்கவில்லை, அவர் மனத்தாங்கலில் நியாயமும் உண்டு. ஆனால் சார்லட்டுக்குக் குரல் கொடுத்த டெபி ரெய்னால்ட்ஸ் கடைசியில் பாடும் பாட்டை நான் இன்றைக்கும் நடுவில் நிறுத்தமாட்டேன். சாவைப் பற்றி ஒரு சின்னக் குழந்தைக்கு அவ்வளவு இதமாகச் சொன்ன பாட்டு எனக்கு வேறு தெரியாது. ஐந்து, ஆறு வயதென்றால் கார்ட்டூன்தான் சரி, ஏழு வயதுக்கு எதுவும் பொருந்தும்.

ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன், இது இரண்டு படத்துக்கும் பொருந்தும். புத்தகத்தில் ஃபெர்ன் மெல்ல மெல்ல வளர்ந்துவிடுகிறாள். கண்காட்சியில் வில்பருக்கு விருது கொடுக்கிற நேரத்தில் ஹென்றி என்கிற பையனோடு ராட்டினம் சுற்ற ஓடுகிறாள். முதல் அத்தியாயத்தில் கோடாலியைப் பிடித்து இழுத்த அதே பெண்! சார்லட் சாவதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. படங்களில் அது அவ்வளவு அழுத்தமாக வரவில்லை. மகளோடு வாசிக்கும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, ஃபெர்ன் ஏன் போனாள் என்று அவளையே கேட்டுப் பாருங்கள்.

கதைகேட்பவளின் அம்மா:

சரி, முடிவு செய்துவிட்டேன். புத்தகம் முதலில், அதுவும் முழுசாக. முடித்த பிறகு 2006 படம், அது பிடித்தால் கார்ட்டூனும். கணவரும் ஒப்புக்கொண்டார், தானும் கூட உட்கார்ந்து கேட்பதாகச் சொல்கிறார். கடைசியாக ஒன்று: நாங்கள் ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் என்று வாசிக்கிறோம். அப்படியானால் சார்லட் சாகிற இடத்தோடு விளக்கை அணைக்க வேண்டிவருமே?

பள்ளி நூலகர்:

அந்த ஒரு இடத்தில் மட்டும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 21, 22 இரண்டையும் லீவு நாளில், பகலில், ஒரே மூச்சில் வாசியுங்கள். நடுவில் அழுதால் அழட்டும், கொஞ்சம் நேரம் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். 22இலும் ஒரு அழுகை இருக்கிறது, குஞ்சுகள் பறந்துபோகும்போது வில்பர் தேம்புவான். ஆனால் மூன்று பேர் அவனோடு தங்கிவிடுகிறார்கள், ஜாய், அரேனியா, நெல்லி. அதைக் கேட்ட பிறகு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள்.