சர்க்கரையை விட்டும் ஃபாஸ்டிங் சுகர் 104: மாத்திரை சேர்க்க வேண்டுமா?

வெறும்வயிறு:
மூன்று மாதமாக வெள்ளைச் சர்க்கரையும் இனிப்பும் அடியோடு இல்லை. காலையில் ஒரு டம்ளர் பழச்சாறு (250 மிலி), இரண்டு ஸ்பூன் தேன், அவ்வளவுதான். எடை 84 கிலோவிலேயே நிற்கிறது. ஃபாஸ்டிங் சுகர் 104, ஃபாஸ்டிங் இன்சுலின் 18, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 5.9, ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 210, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) 36. முடிக்காக பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) எடுப்பதைத் தவிர வேறு மாத்திரை இல்லை. மெக்னீசியம், குரோமியம், வைட்டமின் டி சேர்த்தால் இன்சுலின் எதிர்ப்பு குறையுமா?

ஈரல்குலை:
104 × 18 ÷ 405 = 4.6. இதுதான் ஹோமா-ஐஆர், அதாவது இன்சுலினுக்கு உடம்பு எவ்வளவு மசிய மறுக்கிறது (இன்சுலின் எதிர்ப்பு) என்று காட்டும் எண். எல்லைக்கோடு லேபுக்கு லேப் மாறும், ஆனால் 2.5 தாண்டினாலே பலர் யோசிப்பார்கள். 4.6-க்கு விவாதமே வேண்டாம்.

நீங்கள் சர்க்கரையை விடவில்லை, பாத்திரத்தை மாற்றியிருக்கிறீர்கள். அந்த ஒரு டம்ளர் சாற்றிலேயே 20 முதல் 25 கிராம் சர்க்கரை உண்டு. தேனில் சுமார் 40 சதவீதம் ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடம்பெல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். ஃப்ரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரல் தலையில்தான் விழும். அங்கே குளுக்கோஸுக்கு உள்ள கட்டுப்பாட்டு வாசலைத் தாண்டி உள்ளே போய்விடுவதால், தேவைக்கு மேல் வந்தது கொழுப்பாக மாறும்.

கொழுப்பு சேர்ந்த கல்லீரல் இன்சுலின் பேச்சைப் பாதிதான் கேட்கும். "இரவில் குளுக்கோஸை வெளியே விடாதே" என்றால் கேட்காது. "கொழுப்பு செய்" என்றால் மட்டும் கேட்கும். உங்கள் ரிப்போர்ட்டில் 104-ம் 210-ம் சேர்ந்தே வருவது இதனால்தான். சாற்றை நிறுத்திப் பழத்தை முழுதாகச் சாப்பிடுங்கள், தேனும் வேண்டாம். மது இருந்தால் அதுவும் இதே கணக்கில் வரும்.

நார்க்கயிறு:
மேலே சொன்னது சரி, ஆனால் சாற்றை மட்டும் நிறுத்தி எடை அசையாவிட்டால் பாதி வேலைதான். 2002-இல் வெளிவந்த அமெரிக்க டிபிபி (நீரிழிவுத் தடுப்பு) ஆய்வில் இலக்கு இரண்டே: எடையில் 7 சதவீதம் குறைவு, வாரம் 150 நிமிட நடை. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கு 31. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் 6 கிலோ.

நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம். வெந்த பருப்பு ஒரு கப்பில் 15 கிராம் வரை கிடைக்கும். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும், அதோடு விட்டுவிடத் தோன்றும். வாரத்துக்கு 5 கிராம் கூட்டுங்கள், தண்ணீரும் கூடவே. தட்டில் காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில். சாப்பிட்டதும் 15 நிமிட நடை: வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென மாவுச்சத்தைக் குறைக்க வேண்டாம். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் சல்ஃபோனிலூரியா வகை மாத்திரையோ என்றால் தாழ்சர்க்கரை வரலாம். முதலில் டோஸை டாக்டர் மாற்றட்டும்.

சோதனைக்குழாய்:
கேட்ட கேள்விக்கு வருகிறேன். இன்சுலின் ஏற்பி வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும், குறைபாடு இருந்தால் நிரப்பலாம். அதற்கு மாத்திரைதான் வேண்டும் என்றில்லை. 30 கிராம் பூசணி விதையில் 150 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. ஆக்சைடு வகை மாத்திரை பேதியாக்கும். சிறுநீரகம் பழுதானவர்கள் தொடவே கூடாது. வைட்டமின் டி-யை தினம் 4000 யூனிட் கொடுத்துப் பார்த்த 2019 ஆய்வில், நீரிழிவைத் தடுப்பதில் நம்பத்தக்க பலன் தெரியவில்லை. குரோமியத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

பயோட்டினை யாரும் கவனிக்கவில்லையே! சில லேப் முறைகளில் அதிக டோஸ் பயோட்டின் இன்சுலின் அளவைக் குறைத்துக் காட்டும். அப்படியானால் உங்கள் 18-ஏ உண்மையில் இன்னும் கூடுதலாக இருக்கலாம். லேபில் கேட்டுவிட்டு, மூன்று நாள் நிறுத்திப் பிறகு ரத்தம் கொடுங்கள். இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சி-யை ஏற்றிக் காட்டும் என்பதால் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்பு இருப்பு) பாருங்கள்.

வெறும்வயிறு:
பயோட்டின் 10 மில்லிகிராம், நிறுத்திவிடுகிறேன். மறுபடி எப்போது பார்க்கலாம்?

சோதனைக்குழாய்:
10 மில்லிகிராம் குழப்பப் போதுமான அளவுதான். ட்ரைகிளிசரைடு ஆறு வாரத்தில் அசைவு காட்டும். ஹெச்பிஏ1சி-க்கு மூன்று மாதம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதற்கு முன் பார்த்தால் பழைய சாறும் எண்ணிக்கையில் கலந்திருக்கும்.