ஈயமெண்டு வாங்கினதெல்லாம் ஈயமில்ல: வலைக்குண்டு வார்க்கப்போய்ப் பட்ட பாடு

தோணிக்காரன் (கல்லடி)

பழைய ஈயம் உருக்கி வலைக்குண்டு (வலை தண்ணிக்குள்ள தாழ அடிக்கயித்தில கோக்கிற ஈயக்குண்டு) வார்க்கிற ஆக்கள் இஞ்ச எத்தின பேர் இரிக்கிறீங்களெண்டு தெரியா, போன கிழமை நான் பட்டத எழுதுறன், உங்களுக்கும் இப்பிடி ஏதும் நடந்திருந்தா நீங்களும் எழுதுங்க.

நான் முழுநேர மீன்காரன் இல்ல, வேலை முடிஞ்சு பின்னேரம் வாவிக்குள்ள வீச்சுவலை எறியிற ஆள். வலையிட அடிக்கயிறு நைஞ்சு குண்டு பாதிக்கு மேல உதிர்ந்து போய்த்து. என்ட வலைக்கு நாலு கிலோ வேணும். கடையில குண்டா வாங்கினா காசு கூட, அதோட அப்பா காலத்தில இருந்து எங்கட வீட்டில வார்க்கிறதுதான் பழக்கம். லேத் பட்டறையில செய்விச்ச ரெண்டு துண்டு அலுமினிய அச்சு கிடக்கு, நடுவில சைக்கிள் கம்பி ஒண்டக் குடுத்து மூடி ஊத்தினா ஓட்டையோட குண்டு வந்திரும்.

பழைய இரும்புக் கடையில 11 கிலோ எடுத்தன். டயர் கடையில கழட்டின வீல் வெயிட் (சில்லு ஆடாம ஓட ரிம்மில போடுற சின்னப் பாரத்துண்டு), பைப் துண்டு, ஆரோ வித்த பழைய குண்டு எல்லாம் ஒரே சாக்குக்குள்ள. எல்லாம் ஈயம்தான் தம்பி எண்டார் கடைக்காரர், நானும் தலையாட்டிக் கொண்டு வந்துட்டன்.

பின்வளவுல மூண்டு கல்லு வெச்சு சிரட்டைக் கரி போட்டு, சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில கொட்டினன். ஈயம் 327 பாகையில உருகிரும், அது உருகி கண்ணாடி மாதிரி மினுங்க வெளிக்கிட்ட நேரம் மேல பத்துப் பன்னெண்டு துண்டு அப்பிடியே மிதக்குது. நான் செஞ்ச மடைவேலை இதுதான், சூடு காணாதாக்கும் எண்டு நினைச்சு மச்சான்ட புளோவர வாங்கிக் கொண்டுவந்து கரிக்குள்ள ஊத விட்டன். கொஞ்ச நேரத்தில மிதந்ததும் கரைஞ்சுது, எனக்குப் பெரிய சந்தோசம். மறுகா அகப்பைய விட்டுக் கிண்டினா தாச்சி முழுக்க குரக்கன் கூழ். மேல அள்ள அள்ள திரும்பவும் ஆடை கட்டுது. அச்சுக்குள்ள ஊத்தினா அடி மட்டும் போகுமுன்னமே இறுகிருது. முதல் குண்டு ஒரு பக்கம் மூஞ்சியே இல்லாம வந்திச்சு, ரெண்டாவது கிழவன்ட நெத்தி மாதிரி சுருக்கம் சுருக்கமா, மூண்டாவத கம்பியில இருந்து கழட்டுறத்துக்குள்ள ரெண்டாப் போய்த்து.

மிதந்தது துத்தநாகம், நம்மட ஆக்கள் சிங்க் எண்டு சொல்றது. அது உருக 419 பாகை வேணும், ஈயத்தவிடப் பாரமும் குறைவு, அதாலதான் மேல நிண்டிருக்கு. அடுப்ப அடக்கி வெச்சு அந்தத் துண்டுகள அள்ளி எறிஞ்சிருந்தா கதை முடிஞ்சிருக்கும். கரைய விட்டதால நல்ல ஈயமும் சேந்து பாழ். வெளிநாட்டில துவக்குச் சன்னத்த வீட்டிலயே வார்க்கிற ஆக்கள் இரிக்காங்க, அவங்கட வீடியோவப் பாத்துத்தான் எனக்கு இது விளங்கினது, அவங்களுக்கும் இதே வீல் வெயிட் தலையிடிதான். (நம்மட ஊர்ல சன்னமெண்டு வாயெடுத்தாலே விசாரணை வரும், நமக்குக் குண்டெண்டா வலைக்குண்டு மட்டும்தான்.)

11 கிலோவும் தாச்சியோட இறுகிக் கிடக்கு. என்ன செய்யலாம்?

டயர்க்கடை நானா (காத்தான்குடி)

தம்பி, அந்த வெயிட்டெல்லாம் எங்கட மாதிரிக் கடையில இருந்துதான் போறது, அதால கொஞ்சம் குத்தமாத்தான் கிடக்கு. முந்தி வெயிட்டெண்டா ஈயம்தான். ஐரோப்பாவில 2005ல இருந்து புது வாகனத்துக்கு ஈய வெயிட் போடக்கூடாதெண்டு வந்த பிறகு இரும்பும் சிங்க்கும் உலகம் முழுக்கப் பரவிட்டு. இப்ப நான் ஒரு வாளி கழட்டினா மூணு சாமானும் கலந்துதான் விழும்.

வெயிட்ட திருப்பிப் பாருங்க, கனத்தில எழுத்து இரிக்கும். பிபி எண்டா ஈயம், இசட்என் எண்டா சிங்க், எப்ஈ எண்டா இரும்பு. எழுத்து தேஞ்சு போயிருந்தா கட்டரால ஓரத்த நெரிச்சுப் பாருங்க, ஈயமெண்டா வெண்ணெய் மாதிரி இறங்கும், சிங்க் பல்லுக் குடுக்காது. நான் செய்யிறது அதவிடச் சுகம், சீமெந்துத் தரையில ஒவ்வொண்டாப் போடுவன். ஈயம் தொப்பெண்டு விழும், மத்தது ரெண்டும் டிங் எண்டு சத்தம் குடுக்கும். அரைமணித்தியாலத்தில ஒரு வாளிய தெரிஞ்சு எடுத்திரலாம். அப்பயும் சந்தேகமெண்டா டொய்லெட் கழுவுற அசிட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, சிங்க்கெண்டா நுரைச்சுக் கொண்டு வரும். கைக்கு கிளவுஸ் போட்டுக்கங்க.

பாலமுனை மருமகன்

எனக்கு சிங்க் இல்ல, தண்ணி. மாரி முடியுற நேரம், மாமாட பழைய வலைக்குண்டுகள வெயில்ல ஒரு நாள்தான் காய வெச்சன். வெளியால காஞ்சிதான் இருந்திச்சு. குண்டிட ஓட்டைக்குள்ள சேறு இறுகி, அந்தச் சேத்துக்குள்ள ஈரம் நிண்டிருக்கு, அது எனக்கு எங்க தெரியும்? உருகிக் கிடந்த ஈயத்துக்குள்ள ஒரு பிடி போட்டதுதான், படாரெண்டு ஒரு வெடி, தாச்சியில இருந்த பாதி கூரைத் தகரத்தில. தண்ணி ஆவியானா 1,700 மடங்குக்கிட்ட பெருக்குமாம், அது ஈயத்துக்கு அடியில நடந்தா மேல இருக்கிறது எங்க போகும். சாரன்ல பொட்டுப் பொட்டா ஓட்டை, முழங்கைக்குக் கீழ நாலு தழும்பு இண்டைக்கும் கிடக்கு, கண்ணாடி போட்டிருந்ததால கண் தப்பிச்சு. மாமி இப்பயும் விருந்தாளிகளுக்கு அந்தத் தகரத்தக் காட்டித்தான் என்ன அறிமுகப்படுத்துறது.

இப்ப நான் பழைய குண்ட வெறுந் தாச்சியில போட்டுத்தான் நெருப்ப மூட்டுறது. உருகின ஈயத்துக்குள்ள எதையும் எறியிறல்ல.

நேர்ஸ் அக்கா (களுவாஞ்சிக்குடி)

தம்பிமார் கோவிக்கப்படாது, குண்டு நல்லா வருதா இல்லையா எண்டுதான் எல்லாரும் பறையிறீங்க. அந்தத் தாச்சிக்குப் பக்கத்தில ஆர் நிண்டது? எங்கட தம்பி வார்க்கக்குள்ள அவன்ட நாலு வயசுப் புள்ள மேல அள்ளி ஊத்தின கசட்ட வெச்சு சோறு கறி விளையாடிக் கொண்டிருந்திச்சு. நான் கண்ட இடத்தில தூக்கிக்கொண்டு ஓடினன்.

அந்தச் சாம்பல் மாதிரித் தூள்தான் பெரிய வில்லங்கம். கையில ஒட்டும், சாரன்ல ஒட்டும், அப்பிடியே வீட்டுக்குள்ள பாய்க்கு வரும். புள்ளயள்ட ரெத்தத்தில ஈயத்துக்கு இவ்வளவு மட்டும் பரவாயில்ல எண்ட அளவே இல்லயெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வயித்துவலி, மலச்சிக்கல், ரெத்தசோகை எண்டு வந்தா ஆருக்கும் ஈயம் ஞாபகத்துக்கு வராது, பூச்சிக் குளிசைதான் குடுப்பாங்க. எலும்புக்குள்ள போய்க் குந்திச்செண்டா வருசக்கணக்கா அங்கதான். குண்டப் பல்லால கடிச்சு நெரிக்கிற பழக்கத்தயும் விடுங்கப்பா, எங்கட அப்பாவும் அப்பிடித்தான்.

இன்னொண்டு, சாக்குக்குள்ள பற்றறித் தட்டு கிடந்தா தொடவே தொடாதீங்க. அசிட் ஒரு பக்கம், அதுக்குள்ள ஆர்சனிக், அன்டிமனி, கல்சியமெல்லாம் கலந்திருக்கும், அந்தக் கசடுல தண்ணி பட்டா ஆர்சின் எண்ட விசவாயு வரும், ஆளையே கொல்லும்.

தோணிக்காரன் (கல்லடி)

அக்கா சொன்னதக் கேட்டு சாக்கக் கொட்டித் தேடினன், பற்றறித் தட்டு ஒண்டுமில்ல, வயிறு ஆறிச்சு. ஆனா பல்லால கடிக்கிறது நானும்தான். சாரன புறம்பா ஊறப் போட்டாச்சு, நிலத்தில சிந்தின தூளக் கூட்டாம ஈரத்துணியால துடைச்சு எடுத்தன்.

சிங்க்க பிரிச்செடுக்க கந்தகத்தூள் போடுங்கண்டு ஒராள் தனியா மெசேஜ் போட்டிருந்தார். அந்தப் புகையோட பக்கத்து வீட்டு மாமி வேலி பாய்ஞ்சு வந்திருவா, வேணாம். அதோட மெல்லிசாத்தான் வார்க்கேலாது, மொத்தமா ஊத்தினா இந்த ஈயத்துக்கு ஒரு குறையுமில்லயெண்டு விளங்கிச்சு. தோணிக்கு நங்கூரமா வார்ப்பமெண்டு பெரிய பால்மாப் பேணி ரெண்ட நல்லாச் சுட்டுக் காய வெச்சு, முற்றத்து மணலுக்குள்ள பாதி தாட்டு, ஒவ்வொண்டுக்கும் நடுவில வளைச்ச கம்பி ஒண்ட நிமித்தி வெச்சு ஊத்தினன். கசடு போக ஒண்டு அஞ்சு கிலோ, மத்தது நாலரை. முந்தி தோணி கட்ட கருங்கல்லு வெச்சிருந்தன், அது கயித்த அறுத்து அறுத்து ரெண்டு தரம் தொலைஞ்சிட்டு. இது பேணியிட வளையம் வளையமா இருந்த அச்சோட, அடியில காலாவதித் திகதி தலைகீழா விழுந்து அப்பிடியே கிடக்கு. பெயின்ட் ரெண்டு பூச்சுப் பூசித்தான் தண்ணிக்குள்ள விட்டது.

குண்டுக்கு நானா தெரிஞ்சு வெச்ச ஈயம் அஞ்சு கிலோ எடுக்க சனிக்கிழமை காத்தான்குடிக்கு வாறன்.