இரண்டாவது படிக்கும் பேரன் "நான் மொட்டு" என்கிறான். வகுப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

கண்டக்டர் தாத்தா, திருப்பாதிரிப்புலியூர்

எல்லோருக்கும் வணக்கம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் வயிற்றுப் பேரன் இங்கே பக்கத்து அரசுப் பள்ளியில் இரண்டாவது படிக்கிறான். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு.

காலை டிபன் பள்ளியிலேயே கொடுத்துவிடுகிறார்கள், அதில் குறை இல்லை. சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டே வருகிறான். கையில் காகிதத்தில் செய்த முயல் பொம்மை. வீட்டுப்பாடம் எங்கேடா என்றால் கிடையாதாம். எப்படிடா படிக்கிறே என்றால், "நான் மொட்டு தாத்தா, எம் பக்கத்துல உக்கார்றவன் இன்னும் அரும்பு" என்கிறான். பெருமை வேறு.

அ, ஆ வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஊ முடிந்ததும் ஏ-க்குத் தாவிவிட்டான். நூற்று ஐந்து எழுதுடா என்றால் 1005 என்று எழுதுகிறான். காலமெல்லாம் சில்லறை எண்ணியவன் பேரன்! எங்கள் காலத்தில் இந்த வயதில் வாய்ப்பாடு தலைகீழாக வரும். வராவிட்டால் வாத்தியார் கைப்பிரம்பு வரும்.

வருகிற ஜூனில் தனியார் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிடலாம் என்கிறாள் மகள். அதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்

மாத்திடுங்க சார். எங்க எதிர்வீட்டுப் பாப்பா யூகேஜிதான், கர்சிவ்ல பக்கம் பக்கமா எழுதித் தள்ளுது. இந்தப் பாட்டு, பொம்மை எல்லாம் போட்டோ புடிக்கத்தான்.

ரெண்டாங்கிளாஸ் டீச்சர்

ஐயா, வணக்கம். கடலூர் மாவட்டத்தில்தான் நானும் ஒன்று, இரண்டு வகுப்புகள் எடுக்கிறேன். உங்கள் பேரன் எந்தப் பள்ளியோ தெரியாது, ஆனால் பாடத்திட்டம் ஒன்றுதான்.

முதலில் அந்த மொட்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து திறந்தபோது, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்தே தெரியாத நிலை. அதைச் சரிசெய்ய 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தது. முதலில் 1 முதல் 3 வரை, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும். ஒன்றாம் வகுப்பு அளவில் படிக்கிற பிள்ளை அரும்பு, இரண்டாம் வகுப்பு அளவு மொட்டு, மூன்று என்றால் மலர். உங்கள் பேரன் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறான். பக்கத்துப் பையனை மட்டும் கேலி பண்ண வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், நாங்கள் சொன்னால் காதில் ஏறுவதில்லை.

வரிசை தப்பியதற்காகக் கவலைப்படாதீர்கள். 'அ'வை ஒரு தடவை எழுதிப் பாருங்கள், எத்தனை வளைவு! ட, ப, ம எல்லாம் கோடு இழுக்கிற எழுத்துகள், சின்னக் கைக்கு வரும். அந்த மூன்றோடு புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டால் படம், பட்டம், மடம் என்று முதல் மாதமே படித்துவிடுவார்கள். மொத்தம் 247 எழுத்து என்று பயமுறுத்துகிறோமே தவிர, 12 உயிர், 18 மெய், ஆய்தம், பிறகு துணைக்கால், கொம்பு போன்ற குறிகள் பிடிபட்டால் பெரும்பாலும் தானே வந்துவிடும். முரண்டு பிடிப்பது உகர, ஊகார வரிசைதான். கு, டு, து, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அடுத்தது 'கொ'. கொம்பை முன்னால் எழுதுகிறோம், ஓசையோ பின்னால் வருகிறது. இரண்டாம் வகுப்பில் எனக்குப் பாதி நாள் இங்கேதான் போகிறது.

முயல் பொம்மையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், முயல் பேசுகிற மாதிரி பேசச் சொன்னால் முழு வாக்கியமாகப் பேசுவாள். பேச்சில் வராத வாக்கியம் எழுத்தில் எங்கிருந்து வரும்?

1005-க்கு வருவோம். அவன் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான், 100, அப்புறம் 5. இந்த வயதில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான். உங்கள் பழைய பையை எடுங்கள். நூறு ரூபாய், பத்து ரூபாய், ஒரு ரூபாய்க்கு மூன்று இடம் ஒதுக்குங்கள். நூற்றுப் பதினைந்து வைக்கச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள். பிறகு பத்து ரூபாயை எடுத்துவிடுங்கள். காலியான இடத்துக்கு என்னடா எழுதுவே என்று அவனையே கேளுங்கள். நாங்கள் இதையே குச்சிக் கட்டு, புளியங்கொட்டை வைத்துச் செய்கிறோம். வாய்ப்பாடு பின்னாலேயே வரும். நாலு மூன்று என்பது மூன்றை நாலு தடவை கூட்டுவது என்று கை அறிந்த பிறகு மனப்பாடம் செய்யட்டும்.

வீட்டுப்பாடம் இல்லாதது பள்ளியின் சோம்பல் இல்லை. 1, 2 வகுப்புகளுக்குக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

கையெழுத்துப் பயிற்சி போதாது என்று உங்கள் மகள் சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஒரே வகுப்பில் இத்தனை நிலைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

மஞ்சக்குப்பம் சார், அந்தப் பாப்பா எழுதியதை அவளையே படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

அரியாங்குப்பம் அம்மா

எங்க பாண்டி பக்கம் அரசுத் தொடக்கப்பள்ளியிலேயே சிபிஎஸ்இதான். எம் பொண்ணும் ரெண்டாவது. கணக்குப் புத்தகம் 2023-ல வந்த என்சிஇஆர்டி 'ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ்'. படத்தைப் பார்த்து எண்ணு, கதை கேளு, நீயே ஒரு கணக்கு சொல்லு, இப்படித்தான் போகுது. அதனால தாத்தா, பாட்டும் பொம்மையும் வேணாம்னு நினைச்சு மீடியம் மாத்துனா அங்கயும் அதான் இருக்கும்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். 'செவன்டி நைன்' னா டக்குனு எழுதுறா. மீன்காரம்மா எழுபத்தொம்பது ரூபானு சொன்னா எம் மூஞ்சியப் பாக்குறா. ரெண்டு மொழியிலயும் எண்ண வைக்கிறது இப்ப எங்க மாமியார் வேலை.

கண்டக்டர் தாத்தா, திருப்பாதிரிப்புலியூர்

டீச்சருக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை பாண்டி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, போர்டு எல்லாம் படிக்கச் சொன்னேன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டான். கிருமாம்பாக்கம் மட்டும் 'கிரூமாம்பாக்கம்' ஆயிற்று. உங்கள் ரு, ரூ தகராறுதான் போலிருக்கிறது.

நோட்டு வைத்து 105 வந்துவிட்டது. 1050 கேட்டதற்கு ஆயிரம் ரூபாய் நோட்டு எங்கே தாத்தா என்கிறான், மோடியிடம் கேள் என்றேன்.

இன்னொரு சந்தேகம். 52-இல் 17 போனால் எவ்வளவு என்றால், கடன் வாங்கு என்று நான் சொல்வது அவனுக்குப் புரியவில்லை. "ஒரு கட்டை அவிழ்க்கணும் தாத்தா" என்கிறான். என்ன கட்டு?

ரெண்டாங்கிளாஸ் டீச்சர்

பத்துக் குச்சிக் கட்டு ஐயா. 52 என்றால் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும். ஏழு எடுக்க உதிரி போதாது, ஒரு கட்டை அவிழ்த்தால் பன்னிரண்டு உதிரி. கடன் என்றால் திருப்பித் தரணுமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அதனால் அந்தச் சொல்லை நான் விட்டுவிட்டேன். நீங்கள் பத்து ரூபாய் நோட்டுக்குச் சில்லறை மாற்றிக் கொடுங்கள், அதே கணக்குதான்.

மஞ்சக்குப்பத்தான்

டீச்சர், அந்தப் பாப்பாவைப் படிக்கச் சொன்னேன். அப்புறம் பேசுறேன்.