மறு: மறு: ‘ஸ்பீக்ஈஸி’க்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,
1920களின் அமெரிக்கா பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை காலை அச்சுக்குப் போகவேண்டும். 1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபின் நியூயார்க், சிகாகோ எங்கும் பெருகிய திருட்டுக் குடியிடங்களுக்கு ‘ஸ்பீக்ஈஸி’ என்று பெயர். வெளியே கேட்காமல் மெல்லப் பேசு என்பதிலிருந்து வந்தது. அதற்கு முன்னிருந்த மதுக்கடைகளை அங்கே சலூன் என்பார்கள். ‘சலூன்கள் மூடப்பட்டன’ என்று எழுதிவிட்டுப் பார்த்தால், மாணவர்கள் முடிவெட்டும் கடை என்றல்லவா நினைப்பார்கள்! உதவுங்கள்.
— செ.

நேர்ப்பொருளாக ‘மெல்லப்பேசி’ என்று வையுங்கள்.
— கு.

கைப்பேசியில் புது மாடலா என்பார்கள். ‘கள்ளக்கடை’ போதுமே? கள்ளச்சந்தை, கள்ளச்சாராயம் எல்லாம் எல்லார் வாயிலும் இருப்பவை.
— வ.

வ. ஐயா, கள்ளச்சாராயம் என்றால் நம் கண்முன் வருவது ஊறல் பானை. அங்கே டெட்ராயிட் ஆற்றைக் கடந்து கனடாவின் அசல் விஸ்கியும் வந்தது. சட்டம் தடுத்ததும் காய்ச்சுவதை, விற்பதை, கொண்டுசெல்வதைத்தான், குடித்தவர்மேல் வழக்கில்லை. அதைவிட, பழைய சலூன் ஆண்களின் கோட்டை. இந்த ஒளிவிடங்களில்தான் குட்டைமுடிப் பெண்கள் ஆண்களோடு சரிசமமாக உட்கார்ந்து குடித்தார்கள். ஜாஸ் கலைஞர்களுக்குப் பிழைப்பும் கிடைத்தது. ‘கள்ளக்கடை’யில் அந்தக் களிப்பு எங்கே?
— மீ.

களிப்பு என்றீர்களே அம்மா, அதுவே கள்ளில் பிறந்த சொல்தான்! திருட்டைக் குறிக்கும் ‘கள்’ வேறு. அதனால்தான் வள்ளுவர் கள்ளாமைக்கு 29ஆம் அதிகாரமும் கள்ளுண்ணாமைக்கு 93ஆம் அதிகாரமும் வைத்தார். ஆனால் 927ஆம் குறளைப் பாருங்கள்: ‘கள்ளொற்றிக் கண்சாய் பவர்’. கள்ளை மறைந்துண்டு மயங்குவோர் என்பது பரிமேலழகர் உரை. நமக்கு வேண்டிய பொருளே இதுதான். ‘கள்ளொற்றகம்’ என்க.
— புலவர் தி.

அச்சுக்கோப்பவர் ‘கள்ளொட்டகம்’ ஆக்கிவிடுவார். அமெரிக்க மதுவிலக்குக் கட்சியின் சின்னமே ஒட்டகம்தான்!
— கு.

1933 டிசம்பரில் மதுவிலக்கே போய்விட்டது. மூடிய கடைக்கு எதற்குத் தனித்தமிழ்ப் பலகை? ஒலிபெயர்த்துவிட்டுப் போங்கள்.
— வ.

மணி பன்னிரண்டாகிறது. ‘கமுக்க மதுக்கூடம்’ என்று போடுகிறேன். தனிமடலில் நால்வர் சரி என்றார்கள். நன்றி.
— செ.

கமுக்கத்துக்கு இலக்கியச் சான்று காட்டினால் ஒப்புக்கொள்கிறேன். அதிருக்கட்டும், விலங்கு வேடிக்கைக்குக் காசு வாங்கிக்கொண்டு மதுவை ‘இலவசமாக’ ஊற்றிய கடைகளை அங்கே ‘பிளைண்ட் பிக்’ என்றார்களே, அதற்கு என்ன வைத்தீர்கள்? குருட்டுப்பன்றி என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.
— புலவர் தி.