ஒரு வருஷத்துக்கு விசிட்டிங் ஸ்டூடண்ட்டா வந்திருக்கேன், கவுன்சில் டாக்ஸ் கேட்டு லெட்டர் வந்திருக்கு, அவசரம்

திருச்சிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க காலேஜ்ல இருந்து எக்ஸ்சேஞ்ச்ல செப்டம்பர்ல பிரிட்டனுக்கு வந்தேன். இன்னிக்கு க்ளாஸ் முடிஞ்சு வந்தா வாசல்ல ஒரு கவர் கிடக்கு. கவுன்சில்ல இருந்து, அதான் நம்ம ஊர் நகராட்சி மாதிரி, வந்த லெட்டர். என் பேரும் போட்டிருக்கு. வீட்டுல குடியிருக்கிறவங்க கட்டுற கவுன்சில் டாக்ஸ் 1,400 பவுண்டுக்கு மேல, இது ரிமைண்டர், ஏழு நாளைக்குள்ள கட்டலைன்னா கோர்ட் சம்மன்னு இருக்கு. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எண்ணி வெச்ச காசுதான் கையில இருக்கு. அப்பா எனக்காக வாங்கின கடனே இன்னும் அப்படியே நிக்குது, அவர்கிட்ட கேக்க மனசு வரலை. கட்டியே ஆகணுமா? விசா கேன்சல் பண்ணிடுவாங்களா? ப்ளீஸ், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க. அழுகையா வருது.

கொங்குக்காரன்:
ஸ்டூடண்ட்டுக்கு கவுன்சில் டாக்ஸே கிடையாதுங்க. லெட்டரை ஓரமா போட்டுட்டு படிக்கிற வேலையைப் பாருங்க. நான் கண்டுக்கவே இல்லை, ஒண்ணும் ஆகலைங்க. அதைவிட முக்கியம், ஜிபி கிட்ட, அதாவது இங்கத்த குடும்ப டாக்டர்கிட்ட, பேர் பதிஞ்சுட்டீங்களா? விசாவுக்கே வருஷத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ்னு வாங்கிட்டுத்தான் விடறாங்க. அந்தக் காசைக் கட்டிட்டு காய்ச்சலுக்கு ஊர்ல இருந்து கொண்டாந்த மாத்திரையையே முழுங்கிட்டு இருக்கறவங்க நிறையப் பேருங்க. முகவரிச் சான்று இல்லைன்னு திருப்பி அனுப்பினா, அது கட்டாயம் இல்லைன்னு என்.எச்.எஸ்.ங்கற அரசு மருத்துவ சேவையோட விதியிலயே இருக்குன்னு சொல்லுங்க.

ஹாரோ அம்மா:
கண்ணு, அவர் சொல்றதைக் கேட்டு லெட்டரைத் தூக்கிப் போட்டுடாதே. எங்க தெருவுல ஒரு பையன் அப்படித்தான் விட்டான், சம்மன் வந்து கோர்ட் செலவும் அவன் தலையில ஏறிச்சு. முதல்ல எப்படியாவது கட்டிடு, அப்புறம் திருப்பிக் கேட்டுக்கலாம். தவணை கேட்டா குடுப்பாங்க. வெளிநாட்டுல வந்து கோர்ட்டு கேஸுன்னு அலையறதெல்லாம் பொண்ணுங்களுக்கு வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. நான் வந்த காலத்தில இப்பிடிக் கடிதத்தை வாசிச்சுச் சொல்லக்கூட ஆள் இல்லை. ஒரு அறையில நாலு பேர் இருந்தனாங்கள். கரண்டுக்கு மீற்றரில திறப்பு மாதிரி ஒண்டைச் செருகிறது, அதைக் கடையில குடுத்துக் காசு ஏத்திக்கொண்டு வரோணும். கடை பூட்டின பிறகு காசு முடிஞ்சுதெண்டால் ஹீற்றரும் இல்லை, சோறும் இல்லை. உடுப்புக்கு மேல உடுப்பாப் போட்டுக்கொண்டு விடியுமட்டும் குந்திக்கொண்டு இருந்திருக்கிறம். பகல் வேலை, இரவு வேலை, ஊருக்குக் காசு அனுப்போணும். அந்தக் குளிரை நினைச்சால் இப்பவும் நெஞ்சு அடைக்குது. நீங்கள் சாப்பிட்டனீங்களோ? லண்டன் பக்கமெண்டால் ஈஸ்ட்ஹாமுக்கு வாங்கோ. முருங்கைக்காயில இருந்து இடியப்பம் வரை எல்லாம் கிடைக்கும், முருகன் கோயிலும் கிட்டத்தான்.

கார்டிஃப் மருமகள்:
அண்ணை சொன்ன குளிர் ஒரு பக்கம்னா இருட்டு இன்னொரு பக்கம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னாடி தள்ளினதும் டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் ராத்திரி ஆயிடும். இலையுதிர் காலத்துலயும் குளிர்காலத்துலயும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கச் சொல்லி அரசாங்கமே சொல்லுது. நம்ம நிறத்துக்கு வருஷம் பூரா எடுத்துக்கிட்டாலும் நல்லதுதான். எனக்கு முதல் குளிர்காலத்துல காரணமே இல்லாம அழுகை வரும், அதனால சொல்றேன்.

கொங்குக்காரன்:
வாடகையைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறீங்களே? வீடு எடுக்க இங்கயே இருக்கற ஒருத்தர் ஜாமீன் போடணுமாம். நமக்கு யாருங்க இருக்காங்க? இல்லைன்னா ஆறு மாச வாடகையை முன்கூட்டியே எடுத்து வைன்னு நான் வந்தப்போ என்கிட்டக் கேட்டாங்க. வந்து இறங்கின பையன்கிட்டப் போய் இப்படிக் கேக்கறது அநியாயமுங்க.

நைட் ஷிஃப்ட்:
1,400 பவுண்டு பெரிய தொகை இல்லம்மா. தெரிஞ்ச பையன் அக்கவுண்ட்ல சாப்பாடு டெலிவரி பண்ணு, ரெண்டு மாசத்துல எடுத்துடலாம். எல்லாரும் பண்றதுதான்.

தாமிரபரணி:
தங்கச்சி, டெலிவரி யோசனையை இந்த நிமிஷமே மறந்துரு. ஸ்டூடண்ட் விசால சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. சாப்பாடு டெலிவரி பெரும்பாலும் சுயதொழில் கணக்குலதான் வரும், அதுலயும் இன்னொருத்தர் அக்கவுண்ட்ல ஓட்டுறது இன்னும் மோசம். உன் விசாவுக்கு நிஜமான ஆபத்து அதுதான், இந்த லெட்டர் இல்லை. நான் மாணவர் ஆலோசனை மையத்துல வேலை பார்க்கேன். செப்டம்பர்ல வந்தவங்களுக்கு இந்த லெட்டர் வர்றதை வருஷா வருஷம் பார்க்கேன். லெட்டரை ஓரமா போடுறதும் தப்பு, பயந்து கட்டுறதும் தப்பு. நீ சொல்லாத சில விஷயம் எனக்குத் தெரியணும். இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா, வேல்ஸா? வீட்டுல கூட யார் யார் இருக்காங்க, எல்லாரும் படிக்கிறவங்களா? ஒரே அக்ரிமெண்ட்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்களா, இல்லை ரூமுக்கு ஒண்ணா? படிப்பு முழு வருஷமா, ஒரு செமஸ்டரா?

திருச்சிக்காரி:
இங்கிலாந்துதான் அண்ணா. ரெண்டு செமஸ்டரும் இருக்கேன், ஃபுல் டைம். வீட்டுல நான், என் கூடவே வந்த காலேஜ் ஃப்ரெண்ட், அப்புறம் ஒரு அக்கா. அக்கா போன வருஷம் மாஸ்டர்ஸ் முடிச்சுட்டு, படிப்பு முடிச்சவங்க வேலை பார்க்கறதுக்குத் தர்ற கிராஜுவேட் விசால வேலைக்குப் போறாங்க. மூணு பேரும் ஒரே அக்ரிமெண்ட். பில் எது வந்தாலும் மூணாப் பிரிச்சுக்கலாம்னு அக்கா முதல்லயே சொல்லியிருந்தாங்க. லெட்டர்ல மூணு பேர் பேரும் இருக்கு.

தாமிரபரணி:
இதைத்தான் கேட்டேன். வீட்டுல எல்லாருமே முழுநேர மாணவர்னா அந்த வீட்டுக்கே வரி இல்லை. உங்க வீட்டுல வேலைக்குப் போற ஒருத்தங்க இருக்கதால வரி உண்டு. ஆனா மாணவர் ரெண்டு பேரையும் கணக்குல சேர்க்கக் கூடாது. கணக்குக்கு வர்றது அக்கா ஒருத்தங்கதான், அதனால பில்லுல 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. 1,400னா அதுல 350 குறையும். மிச்சத்துக்குச் சட்டப்படி பொறுப்பு அக்கா மட்டும். உங்க ரெண்டு பேர் பேரும் பில்லுலயே இருக்கக் கூடாது.

விசிட்டிங் மாணவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. டிகிரிக்குப் படிக்கிறவங்க விவரத்தைப் பல பல்கலைக்கழகங்கள் கவுன்சிலுக்குத் தாமே அனுப்பிரும். ஒரு வருஷத்துக்கு வர்றவங்க பேர் அதுல விட்டுப் போகலாம். அதனால மாணவர் போர்ட்டல்ல கவுன்சில் டாக்ஸ் சான்றிதழ் இருக்கான்னு பாரு, இல்லைன்னா மாணவர் சேவை மேசையில கேளு. படிப்பு ஒரு கல்வியாண்டாவது இருக்கணும், அதுல 24 வாரம், வாரத்துக்கு சராசரி 21 மணி நேரம். நீ அதுக்குள்ள வருவ. ஒரே செமஸ்டருக்கு வந்தவங்களுக்கு இது கிடைக்காது.

சான்றிதழ்ல தேதியைக் கவனி. மாணவர் கணக்கு படிப்பு தொடங்குற நாள்ல இருந்துதான். வீட்டு அக்ரிமெண்ட் அதுக்கு முன்னாடியே தொடங்கியிருந்தா அந்த இடைப்பட்ட நாளுக்கு உங்க ரெண்டு பேருக்கும் கொஞ்சம் பொறுப்பு வரலாம்.

ரெண்டு பேர் சான்றிதழையும் சேர்த்து, லெட்டர்ல இருக்கிற அக்கவுண்ட் நம்பரைப் போட்டு, இன்னிக்கே கவுன்சிலுக்கு எழுது. பில்லைத் திருத்தச் சொல்லு, அதுவரைக்கும் கோர்ட் நடவடிக்கையை நிறுத்தி வைக்கவும் கேளு. ஃபோன்ல பேசினாலும் எழுத்துலயும் அனுப்பு. கவுன்சில் இணையதளத்துல ரெண்டு விதமா ஃபார்ம் இருக்கும். டிஸ்கவுண்ட், எக்ஸம்ப்ஷன்னு இருக்கிறதை மட்டும் நிரப்பு. கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன், சப்போர்ட்னு இருக்கிறதைத் தொடவே தொடாதே. அது வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசு உதவி, நம்ம விசால அதை வாங்கக் கூடாது. அக்காவும் வாங்கக் கூடாது.

ஹாரோ அம்மா:
அப்போ அந்த அக்காப் பொண்ணு பாவம் இல்லையா? அவளும் நேத்து வரைக்கும் படிச்சவதானே, ஒருத்தியே எப்படிக் கட்டுவா?

தாமிரபரணி:
நியாயமான கேள்விம்மா. கவுன்சில் கேக்க வேண்டியது அவங்களை மட்டும்தான். வீட்டுக்குள்ள பங்கு போட்டுக்கிறது மூணு பேரும் உக்காந்து பேச வேண்டியது. ஆனா தள்ளுபடி போன தொகையை வெச்சுப் பேசுங்க, 1,400ஐ வெச்சு இல்லை.

திருச்சிக்காரி:
சான்றிதழ் போர்ட்டல்லயே இருந்துச்சு அண்ணா, ரெண்டு பேருதும் எடுத்து அனுப்பிட்டேன். அக்கா முதல்ல கோவப்பட்டாங்க, அப்புறம் அவங்களே கவுன்சிலுக்கு ஃபோன் போட்டாங்க. சான்றிதழைச் சரிபார்க்கிற வரைக்கும் ரிமைண்டரை நிறுத்தி வைக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. தண்ணிக்கும் கரண்டுக்கும் நாங்க கொஞ்சம் கூடப் போடறோம்னு சொல்லியிருக்கோம். அண்ணை, சாப்பிட்டேன்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
நல்லது பிள்ளை. கவுன்சிலுக்கு அனுப்பின ஈமெயிலை அழிச்சுப் போடாதேங்கோ.

தாமிரபரணி:
புது பில் வந்ததும் மூணு விஷயம் பாரு: பேர் அக்காவுது மட்டும் இருக்கணும், 25 சதவீதம் கழிஞ்சிருக்கணும், உங்க படிப்புத் தேதி சான்றிதழ்ல உள்ளபடி இருக்கணும். எதாவது தப்பா இருந்தா லெட்டரை எடுத்துக்கிட்டு உங்க மாணவர் சங்க ஆலோசனை மையத்துக்குப் போ. இலவசம்தான், விசிட்டிங் மாணவர்களுக்கும் பார்ப்பாங்க.