ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காவிரியில் துடுப்புப் போட விடலாமா?

அடையாறு அப்பா
என் மகள் படிக்கும் சென்னைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு முகாம் போட்டிருக்கிறார்கள். முதலில் முட்டுக்காடு கழிமுகத்தில் கனோ என்ற சிறு துடுப்புப் படகில் பயிற்சி. பிறகு ஒகேனக்கல் பக்கம் காவிரிக் கரையில் இரண்டு நாள். துடுப்புப் போடுவது, கூடாரம் அடிப்பது, முடிச்சுகள், விறகு பொறுக்கிச் சமைப்பது எல்லாம் உண்டாம். பெற்றோர் வாட்ஸப் குழு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நான் அனுப்பலாம் என்ற பக்கம். கூவத்தையும் அடையாற்றையும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற பிள்ளைகளுக்கு, ஓடுகிற ஆற்றை வேறு எப்போது காட்டுவது? என்ன சொல்கிறீர்கள்?

வேளச்சேரி அம்மா
வேண்டாம் என்கிறேன். 2007 பிப்ரவரியில் கேரளாவின் தட்டேக்காட்டில் பெரியாற்றில் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். இரண்டுமே பள்ளிச் சுற்றுலா. "நாங்க பார்த்துக்கிறோம்" என்று அந்தப் பெற்றோர்களிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள் அல்லவா?

துடுப்பு
கோவளத்தில் கயாக் பயிற்சி கொடுப்பவன் நான். அதனால் எனக்கு ஒரு சார்பு இருக்கிறது, அதை வைத்தே படியுங்கள்.

மேடம், நீங்கள் சொன்ன இரண்டும் பயணிகள் படகு. இரண்டிலும் அளவுக்கு மேல் ஆள் ஏற்றினார்கள். ஹர்ணியில் பலருக்கு லைஃப் ஜாக்கெட்டே இல்லை. பிள்ளைகள் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தார்கள், வேறொருவர் ஓட்டினார். கனோவில் ஓட்டுவதே அவர்கள்தான். அதில் முதல் பாடமே கவிழ்வது. இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, படகை விடாமல் பிடித்து, பக்கத்துப் படகின் துணையோடு மறுபடி ஏற வேண்டும். இது சரியாக வராத பிள்ளையை ஆற்றுக்கு அழைத்துப் போகவே கூடாது.

ஓடும் தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது என்பது எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்? பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் முழங்காலளவு நீரோட்டமே ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து கிடந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும். பாறை எதிரே வந்தால் உதைத்து விலகலாம். கரையிலிருந்து கயிறு வீசினால் அதைத் தோள்மேல் போட்டு, முகம் வானத்தைப் பார்க்கப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் இழுக்க இழுக்கத் தண்ணீர் முகத்திலேயே அடிக்கும்.

2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்காகத் தொட்டியம் வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் நான்கு பேர், மாயனூரில் காவிரியில் குளிக்க இறங்கி மூழ்கிப்போனார்கள். 2022 ஜூனில் கடலூர் பக்கம் கெடிலம் தடுப்பணையில் ஏழு பெண்கள். இவர்களை யாரும் படகில் கூட்டிப் போகவில்லை. நீங்கள் அனுப்பாவிட்டாலும் பிள்ளை ஒருநாள் நண்பர்களோடு தண்ணீரில் இறங்கத்தான் போகிறது.

வேளச்சேரி அம்மா
அப்படியென்றால் நீச்சல் கற்றுக்கொடுங்கள். நீச்சல் குளம் போதும், காவிரி எதற்கு? மாயனூரைக் காட்டி முகாமுக்குக் காசு கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

பழைய கிணறு
எங்க ஊரில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார் சித்தப்பா. மூன்றாம் நாள் குடுக்கை இல்லாமலே நீந்தினோம். ஜாக்கெட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறீர்கள்.

வேளச்சேரி அம்மா
கரையேறியவர்கள்தான் இங்கே வந்து எழுத முடியும், ஐயா.

ஊட்டமலைக்காரன்
ஒகேனக்கல் ஊட்டமலையில் பரிசல் ஓட்டும் வீட்டுப் பிள்ளை நான். இரண்டு பக்கமும் ஆற்றைத் தெரியாமல் பேசுகிறீர்கள், மன்னிக்கவும்.

ஒகேனக்கல்லில் மழையே இல்லாத நாளிலும் தண்ணீர் ஏறும். கர்நாடகத்தில் கபினி அணையிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்துவிட்டால், எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் அளவு கூடும், மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். அந்த மாதிரி நாளில் வருகிறவர்கள் எங்களிடம் என்ன கேட்பார்கள் தெரியுமா? "அண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு ரவுண்டு மட்டும்." 2014-ல் இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றில் லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் வந்தபோது 24 ஹைதராபாத் மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்களே, அவர்கள் படகில்கூட ஏறவில்லை. ஆற்றுப் பாறைமேல் நின்றிருந்தார்கள். துடுப்பு சார் சொல்லும் நீச்சல் முறை அந்தத் தண்ணீருக்குப் போதாது.

அப்புறம் அந்த விறகு பொறுக்கும் திட்டம். கிருஷ்ணகிரி, தருமபுரி காட்டின் ஒரு பகுதியை 2022-லேயே காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தாயிற்று. இருட்டினால் யானை தண்ணீருக்கு இறங்கும் கரை அது. வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரமும் கிடையாது, தீயும் கிடையாது. எங்கள் ஊரில் முதலை மறுவாழ்வு மையத்தைச் சும்மா வைத்திருக்கவில்லை.

கனோவை அருவிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அந்தப் பாறைக்குப் பரிசல்தான் சரி. மூங்கில் பிளாச்சில் பின்னியது, அடி தட்டை, இடித்தால் வளைந்து கொடுக்கும். முன்பெல்லாம் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள். பிள்ளைகளுக்கு ஏதாவது கற்றுத்தர வேண்டுமென்றால், நீர் குறைந்த மாதத்தில் அமைதியான பகுதிக்குக் கூட்டி வந்து, எங்கள் ஆட்களிடம் துடுப்பை வாங்கி அவர்களையே போடச் சொல்லுங்கள். முதல் அரைமணி நேரம் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். அது நேராகப் போகத் தொடங்கும்போது கொஞ்சம் ஆறு தெரிந்திருக்கும். ஆறு பேர் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பதற்கு முகாம் என்று பெயர் வைக்காதீர்கள்.

குரோய்டன் தமிழன்
இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் என்றாலே கனோ பயணம் சாதாரணம். ஆனால் அது சும்மா அப்படி ஆகவில்லை. 1993 மார்ச்சில் லைம் வளைகுடாவில் பிளிமத் பள்ளி மாணவர்கள் நான்கு பேர் கயாக் பயணத்தில் இறந்தார்கள். உதவி கேட்க ரேடியோ இல்லை, ஒளிவாணம் இல்லை. அந்த மையத்தில் வேலை பார்த்த பயிற்றுநர்கள் இருவர் முந்தைய ஆண்டே குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டு விலகியிருந்தார்கள். கடிதம் வந்து சேர்ந்தது, ஒன்றும் நடக்கவில்லை. நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995-ல் சட்டம் வந்தது, இப்படிப்பட்ட மையங்களுக்கு உரிமம் கட்டாயமானது. பயணங்களை யாரும் நிறுத்தவில்லை. இன்றும் போகிறார்கள்.

வேளச்சேரி அம்மா
நான்கு பிள்ளைகள் செத்த பிறகு வந்த உரிமம். இங்கே கடிதம் எழுதுகிற பயிற்றுநர் யார்? அதைப் படிக்கிறவர் யார்? ஊட்டமலைக்காரர் சொன்ன "ஒரு ரவுண்டு மட்டும்" என்பதற்குத்தான் நான் பயப்படுகிறேன். காசு வாங்கியாயிற்று, பஸ் வந்தாயிற்று, பிள்ளைகள் கத்துகிறார்கள். அந்த நேரத்தில் எந்த ஆசிரியர் வேண்டாம் என்பார்?

துடுப்பு
இது சரியான கேள்வி. ஜாக்கெட்டின் பிராண்டைவிட இதைத்தான் பள்ளியிடம் கேட்க வேண்டும். நிறுத்தும் அதிகாரம் பள்ளி ஆசிரியரிடம் இருக்கக் கூடாது, காசு வாங்கும் நிறுவனத்திடமும் கூடாது. அன்று காலை நீரைப் பார்க்கிற பயிற்றுநர் ஒருவர் பெயரில் எழுத்தில் இருக்க வேண்டும். நிறுத்தினால் முழுப் பணமும் திரும்பும் என்றும் எழுத வேண்டும். பணம் திரும்பாத ஏற்பாட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள், நான் உட்பட.

ஆனால் நீச்சல் குளம் போதும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். குளத்தில் நீரோட்டம் கிடையாது, வழுக்கும் பாறை கிடையாது, கலங்கிய தண்ணீர் கிடையாது.

அடையாறு அப்பா
சனிக்கிழமை பள்ளியில் கூட்டம். வன அனுமதி, நிறுத்தும் ஆளின் பெயர், பணம் திரும்பும் விதி, மூன்றையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். மூன்றும் வந்தால் என் மகள் போவாள்.

வேளச்சேரி அம்மா
வந்தால் இங்கே போடுங்கள், படிக்கிறேன். முட்டுக்காட்டுக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன், நானும் கரையில் நிற்பேன். காவிரிக்கு இந்த வருடம் இல்லை.

ஊட்டமலைக்காரன்
தேதி குறிக்கும்போது ஆடிப்பெருக்கு வாரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள் சார். தண்ணீர் ஒரு பக்கம் இருக்கட்டும், பஸ் நிறுத்தவே இடம் கிடைக்காது.