ஸூக்மாவுக்குத் தீவகம் போதுமா?

> 'ஸூக்மா' என்னும் அணிக்குத் தண்டியலங்காரத்தின் 'தீவகம்' இருக்கையில் புதுச்சொல் எதற்கு?

அன்புடையீர், வணக்கம்.

ஒரே சொல் இரு பெயர்களோடு வெவ்வேறு பொருளில் சேர்ந்து முடியும் மேலைநாட்டு அணியே ஸூக்மா (zeugma); கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். இருக்கும் சொல்லை விட்டுப் புதுச்சொல் தேடுவது வீண்வேலை என்பதில் எனக்கும் பெரும்பாலும் உடன்பாடே. ஆயினும் இங்கே தீவகம் பொருந்தாது என்பதற்குத் தண்டியலங்காரப் பாடலே சான்று. 'சேந்தன வேந்தன் திருநெடுங்கண்' என்று தொடங்கும் அந்த வெண்பாவில் 'சேந்தன' என்ற ஒரு வினை அரசனின் கண், பகைவர் தோள், குருதி பாய்ந்த திசைகள், அம்புகள், பறவைகள் ஆகிய அனைத்தோடும் சென்று முடிகிறது. கண் சினத்தாலும் மற்றவை குருதியாலும் சிவந்தன; காரணம் வேறானாலும் சிவத்தல் ஒன்றே. ஓரிடத்தில் வைத்த விளக்கு எல்லாப் பொருளின்மீதும் ஒரே ஒளியை வீசுவதுபோல என்பதால்தான் அதற்குத் தீவகம் என்று பெயர்.

ஸூக்மாவில் நடப்பது வேறு. 'இருபது ஆண்டுகளாக வீட்டையும் வட்டியையும் கட்டிக்கொண்டிருக்கிறார்' என்றால், 'கட்டு' என்ற வினை வீட்டோடு சேர்ந்து எழுப்புதலையும் வட்டியோடு சேர்ந்து செலுத்துதலையும் குறிக்கிறது. அலெக்சாண்டர் போப் 1714-இல் ஐந்து காண்டங்களாக விரித்து வெளியிட்ட அங்கதக் காவியத்தில், ராணி ஆன் சில வேளை ஆலோசனையும் சில வேளை தேநீரும் கொள்வதாக வரும் இடமும் இத்தகையதே. சிலேடைத் தீவகம் என்று ஒரு வகை உண்டே என்று கேட்கலாம். தண்டியின் வடமொழி நூல் அதற்குக் காட்டும் பாடலில் வானில் மேகங்களும் நிலத்தில் யானைகளும் திரிகின்றன. அங்கே இரட்டுறுவன அடைமொழிகளே, திரிதல் இரண்டுக்கும் ஒரே திரிதல்தான்.

நம் மரபில் இதற்கு நெருக்கமானதைத் தேடினால் அணியிலக்கணத்தைவிடத் தொல்காப்பியக் கிளவியாக்கமே கைகொடுக்கிறது. 'வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்' என்றும், அடுத்து 'எண்ணுங் காலும் அதுஅதன் மரபே' என்றும் தொல்காப்பியர் விதி வகுத்திருக்கிறார். சோற்றையும் கறியையும் சேர்த்து எண்ணினால் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையால் முடிக்காமல் 'அயின்றார்' என்ற பொதுவினையால் முடிக்க வேண்டும் என்பர் உரையாசிரியர்கள். நன்னூலும் இதையே வழிமொழிகிறது. விதி மரபுச் சொற்களைப் பற்றியது, நகைச்சுவையைப் பற்றியதன்று என்பது உண்மையே. ஆனால் எண்ணும்மையில் வரும் பொருள்களுக்கு வினை ஒத்திருக்க வேண்டும் என்ற அந்த எதிர்பார்ப்பை வேண்டுமென்றே மீறுவதே ஸூக்மா. இலக்கணத்தார் வழு என்று விலக்கியது இங்கே அணியாகிறது.

கிரேக்கத்தில் அச்சொல்லின் பொருள் பிணைத்தல். நுகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் அதே வேரினதே. ஆகவே 'வினைநுகம்' என்று முன்மொழிகிறேன். இதற்கென முன்பு இங்கே முன்மொழியப்பட்ட 'இணைப்பணி' அலுவலகக் கோப்பில் வரும் சொல்போல் ஒலிக்கிறது. 'நுகவணி' என்பதில் எதை எது பூட்டுகிறது என்பது தெரியவில்லை. ஒரே நுகத்தில் எருதையும் எருமையையும் பூட்டினால் எழும் இழுபறி 'வினைநுகம்' என்பதில் கண்முன் வருகிறது.

தமிழில் வினை இறுதியில் நிற்பதால், வீடும் வட்டியும் அருகருகே வரும்போதே வாசகர் பாதி ஊகித்துவிடுகிறார். 'கட்டினான், தாலியையும் தண்டத்தையும்' என்று வினையை முன்னே வைத்தால்தான் இரண்டாம் பெயரில் திடுக்கிடல் கிடைக்கிறது. கலைச்சொல் பட்டியலில் விளக்கம் எழுதுபவர் இதையும் குறிப்பிட வேண்டும்.

> வினை மட்டுமா நுகமாகும்? 'ஆறிப்போன காபியும் காதலும்' என்பதை என்ன செய்வீர்கள்?

நல்ல தடை. ஆனால் 'ஆறிப்போன' என்பது பெயரெச்சம், அதுவும் வினையே. ஆங்கிலத்தில் பெயரடை செய்யும் வேலையைத் தமிழில் பெரும்பாலும் பெயரெச்சம் செய்துவிடுவதால் 'வினைநுகம்' இங்கும் நிற்கும். 'நல்ல', 'பெரிய' போன்றவை நுகமாகும் இடங்கள் சிலவே. அவற்றை 'அடைநுகம்' என்று உள்வகையாக வைத்துக்கொள்ளலாம்.